எதற்குப் பயப்படுவது, எதில் துணிந்து இறங்குவது?

கேள்வி: எனக்கு 66 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் தனியாக இருக்கிறேன். கணவர் போன வருடம் தவறிப்போனார். வங்கி, மசேநி (மத்திய சேமநிதி), மாதாந்திரக் கட்டணம் எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். இப்போது என் மகன், “எல்லாம் ஃபோனிலேயே முடிஞ்சிடும்மா, எதுக்கு வரிசையில நிக்கணும்?” என்கிறான். என் அண்ணனோ, “அதைத் தொடவே தொடாதே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காசு போயிடும். நீ எங்கே போறே வர்றேன்னு வேற எவனோ பார்த்துக்கிட்டிருப்பான்” என்கிறார். அவர் இன்னும் வங்கிப் புத்தகம்தான். என்னோடு கோவிலில் பூத்தொடுக்கும் ஒருவர், காவல்துறை என்று சொல்லி வந்த அழைப்பை நம்பிச் சேமிப்பை இழந்துவிட்டார். மகன் பேசினால் ஆசையாக இருக்கிறது. அண்ணன் பேசினால் கை நடுங்குகிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம். உங்கள் கணவர் செய்துவந்த வேலை அத்தனையும் ஒரே வருடத்தில் உங்கள் தலையில் இறங்கியிருக்கிறது. கை நடுங்குவதில் வியப்பில்லை. அந்த நடுக்கத்தைப் பலவீனம் என்று எண்ணி மறைக்க வேண்டாம். அதைச் சரியான இடத்தில் பயன்படுத்தத் தெரிந்துகொண்டால் போதும்.

மகன் சொல்லும் வசதியும் உண்மை, அண்ணன் சொல்லும் ஆபத்தும் உண்மை. இரண்டு பேரும் ‘மின்னிலக்கம்’ (டிஜிட்டல்) என்பதை ஒரே பொருளாகப் பேசுவதுதான் சிக்கல். உங்கள் கைப்பேசியில் முப்பது காரியங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன்னால் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதில் தவறு நடந்தால் மீட்க முடியுமா? பேருந்து எப்போது வரும் என்று பார்ப்பது, நூலகப் புத்தகம் எடுப்பது, பேரப்பிள்ளையோடு காணொளியில் பேசுவது, தமிழில் தட்டச்சு செய்வது, இவற்றில் தவறு செய்தால் மறுபடி செய்துகொள்ளலாம். மகன் சொல்வதைக் கேட்டுத் துணிந்து இறங்குங்கள். பணம் அனுப்புவது, அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளமான சிங்பாஸ், அடையாள அட்டைத் தகவல் ஆகியவற்றில் நடந்த தவறு பெரும்பாலும் திரும்பாது. அங்கே அண்ணனின் பயம் உங்களுக்குத் துணை.

பணம் ஏன் திரும்பாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வங்கிகளுக்கிடையே உடனடிப் பரிமாற்றம் செய்யும் ‘ஃபாஸ்ட்’ முறை 2014இல் வந்தது. கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பும் ‘பேநவ்’ 2017 ஜூலையில் வந்தது. அதற்குமுன் காசோலை போட்டால் தீர்வாக ஒரு நாளாவது ஆகும்; சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது. இப்போது சில வினாடிகளில் பணம் அடுத்தவர் கணக்கில் விழுகிறது. மோசடிக்காரர்கள் அதை உடனே வேறு கணக்குகளுக்கும் மின்னிலக்க நாணயத்துக்கும் மாற்றிவிடுகிறார்கள். நமக்கு வசதியாக இருக்கும் அதே வேகம் அவர்களுக்கும் வசதியாகிவிடுகிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் இழந்த தொகை 110 கோடி வெள்ளியைத் தொட்டது. பெரும்பாலான சம்பவங்களில் பாதிக்கப்பட்டவரே தம் கையால் பணத்தை அனுப்பியிருந்தார். கணினியை உடைத்து உள்ளே வந்த திருடன் குறைவு. பேசியே பூட்டைத் திறக்க வைத்தவன்தான் அதிகம். பூத்தொடுக்கும் உங்கள் தோழிக்கு நடந்ததும் இதுதான். அவரை யாரும் ஏளனமாகப் பேச விடாதீர்கள்.

இங்கே கொண்டுவந்த பாதுகாப்புகளைக் கவனித்தால் ஒன்று புரியும். முக்கியமானவை எல்லாமே அந்த வேகத்துக்குப் போட்ட தடைகள். 2021 டிசம்பரில் வங்கி பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் நூற்றுக்கணக்கானோர் மொத்தம் 1 கோடி வெள்ளிக்கு மேல் இழந்தார்கள். அதன் பிறகு நாணய ஆணையம் விதிகளை இறுக்கியது. வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் இணைப்பு வைக்கக்கூடாது. பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் வங்கியின் மின்னிலக்க டோக்கனைப் புதிய கைப்பேசியில் பதிந்தால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த 12 மணி நேரத்தை மகன் தொல்லை என்பார். வேறு யாரோ உங்கள் பெயரில் டோக்கனைப் பதிந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

ஆகவே உங்கள் பணத்துக்கும் நீங்களே இத்தகைய தாமதங்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வேலையாகச் சேமிப்பை இரண்டாகப் பிரியுங்கள். மாதம் 1,200 வெள்ளி செலவு என்றால் மூன்று மாதத்துக்கு 3,600 வெள்ளியைப் புழங்கும் கணக்கில் விடுங்கள். மீதியைப் ‘பணப் பூட்டு’ வசதியில் வையுங்கள். 2023 நவம்பரிலிருந்து பெரிய உள்ளூர் வங்கிகள் மூன்றிலும் இது இருக்கிறது. டிபிஎஸ் ‘டிஜிவால்ட்’ என்கிறது, ஓசிபிசி ‘மணி லாக்’ என்கிறது, யுஓபி ‘லாக்அவே’ என்கிறது. பூட்டிய பணத்தை இணையம் வழி யாராலும் அனுப்ப முடியாது, உங்களாலும் முடியாது. எடுக்க வேண்டுமென்றால் வங்கிக்கு ஏற்பக் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போகவேண்டும்.

இதில் பலர் செய்யும் தவறு, உற்சாகத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிடுவது. கட்டணங்களைக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ‘ஜைரோ’ முறை பூட்டிய பணத்திலிருந்து கழிக்காது. நகர மன்றக் கட்டணம், மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் ஜைரோவில் போகிறது என்றால், பூட்டுவதற்கு முன் கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து, தானாகக் கழிந்த ஒவ்வொரு தொகையையும் எழுதிக் கூட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்புறுதிச் சந்தாவை மறந்துவிடுவார்கள். உங்கள் கணவர் எதை எப்போது கட்டினார் என்பது உங்களுக்கு முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் ஒரு வருட அறிக்கையையே பார்ப்பது நல்லது.

அடுத்து, புழங்கும் கணக்கின் தினசரிப் பரிமாற்ற வரம்பு. பல ஆயிரம் வெள்ளி அனுப்பும்படி வரம்பு இருந்தால் உங்களுக்கு அது வேண்டாம். 200 அல்லது 300 வெள்ளிக்குக் குறையுங்கள். பெரிய தொகை ஏதாவது வந்தால் கிளைக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அறிவிப்பு வரும்படி வைத்து, அறிவிப்புக்கான தொகையை வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். 100 வெள்ளிக்கு மேல் போனால்தான் செய்தி வரும் என்றால், 90 வெள்ளியாகப் பத்துமுறை போனாலும் உங்களுக்குத் தெரியாது.

மசேநிக்கும் ஒரு பூட்டு உண்டு. 55 வயதைத் தாண்டியவர்கள் இணையத்தில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகை, நீங்கள் மாற்றாத வரை, 2,000 வெள்ளி. அதைச் சுழியமாக்கினால் பூட்டு விழுந்துவிடும். மறுபடி உயர்த்த முக அடையாளச் சரிபார்ப்பு கேட்கும், உயர்வு 12 மணி நேரம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். மசேநியிலிருந்து உடனே பணம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் இன்றே சுழியமாக்குங்கள்.

வைப்புத்தொகைக் காப்புறுதி இருக்கிறதே, 1 லட்சம் வெள்ளிவரை கிடைக்குமே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது வங்கியே மூழ்கினால் கிடைப்பது, மோசடிக்குக் கிடைக்காது. மோசடி இழப்பை யார் ஏற்பது என்று வரையறுக்கும், 2024 டிசம்பர் 16 முதல் நடப்பிலுள்ள பொறுப்புப் பகிர்வு ஏற்பாடும் எல்லா மோசடிக்கும் பொருந்தாது. போலி இணையத்தளத்தில் உங்கள் தகவலைப் பறித்து, நீங்கள் அனுமதிக்காமல் நடந்த பரிமாற்றத்துக்குத்தான் அது. வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் வங்கி இழப்பை ஏற்கும். வங்கி சரியாகச் செய்து தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் அந்த நிறுவனம் ஏற்கும். இருவரும் சரியாகச் செய்திருந்தால் இழப்பு வாடிக்கையாளருடையது. ஏமாந்து தம் கையால் அனுப்பியவர்களுக்கு இதில் இடமில்லை. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் அந்த வகையினராக இருக்கும்போது, இந்த வரையறை குறுகியது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இன்றைய விதி இதுதான், இதை வைத்துத்தான் நீங்கள் திட்டமிட வேண்டும்.

இனி, தொலைபேசி அழைப்பு. 2020 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் முன்னால் கூட்டல் குறி வரும். உள்ளூர் எண்ணிலிருந்து வரும் அழைப்பில் அது வராது. யாரோ +65 என்று தொடங்கும் எண்ணில் அழைத்து “உள்துறை அமைச்சிலிருந்து பேசுகிறேன்” என்றால், உள்ளூர் எண்போல் வேடமிட்டு வந்த வெளிநாட்டு அழைப்பு என்று சந்தேகப்படுங்கள். வெளிநாட்டில் உறவினர் இல்லையென்றால், வெளிநாட்டு அழைப்புகளையே தடுக்கச் சொல்லி உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். வங்கி மறைச்சொல்லைக் கேட்க மாட்டார். செயலி ஏற்றச் சொல்ல மாட்டார். “இதோ காவல்துறைக்கு மாற்றுகிறேன்” என்று அழைப்பை அடுத்தவருக்குக் கைமாற்றவும் மாட்டார். இந்த நான்கில் ஒன்று வந்தாலே வைத்துவிடுங்கள். பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அவர்கள் மணிக்கணக்கில் பேசப் பழகியவர்கள். “யாரிடமும் சொல்லாதீர்கள், விசாரணை ரகசியம்” என்று உங்களைத் தனிமைப்படுத்துவார்கள். சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ‘ஸ்கேம்ஷீல்டு’ செயலியையும் மகனை ஏற்றித்தரச் சொல்லுங்கள். சந்தேகமான எண்ணையோ இணைப்பையோ அதில் ஒட்டினால் மோசடியா என்று பார்த்துச் சொல்லும்.

அண்ணன் எழுப்பும் இன்னொரு பயத்தை, கண்காணிப்பைப் பற்றியதை, நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொவிட் காலத்தில் 2020 மார்ச்சில் வந்த ‘டிரேஸ்டுகெதர்’ செயலி நினைவிருக்கும். தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று நம்பி மக்கள் பயன்படுத்தினார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் காவல்துறை அந்தத் தகவலைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது பலருக்கு மனம் புண்பட்டது. அந்த எதிர்ப்புக்குப் பிறகு, மறுமாதமே சட்டம் இயற்றி ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். அண்ணனைப் போன்றவர்கள் கேட்ட கேள்விதான் அந்த வரையறையைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியிலும் இப்படித்தான். பேருந்து, ரயில் கட்டணத்துக்கான பழைய ஈஸிலிங்க் அட்டையை நிறுத்தி எல்லோரையும் ‘சிம்பிளிகோ’ என்ற புதிய கட்டண முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். நிலைய நுழைவாயிலில் அட்டையைத் தட்டும்போது மீதத்தொகை தெரியாது என்று மூத்தவர்கள் வருந்தினார்கள். இரண்டு வாரத்திற்குள் முடிவு மாறியது. பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். உங்களுக்கு ஒரு வசதி பிடிக்கவில்லை என்றால், ‘நமக்குத்தான் தெரியவில்லை’ என்று ஒதுங்காமல் வாய்திறந்து சொல்லுங்கள்.

ஆனால், தொடாமல் இருந்தால் தப்பலாம் என்பதில் மட்டும் அண்ணன் தவறுகிறார். 2018இல் சிங்ஹெல்த் ஊடுருவலில் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி திருடப்பட்டன; அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் தகவலும் அதில் அடங்கும். கைப்பேசியைத் தொட்டே பார்க்காதவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், மருத்துவரைப் பார்க்கப் போனதுதான் அவர்கள் செய்தது. திருடப்பட்ட தகவலைத் திரும்பப் பெற வழியில்லை. எனவே உங்கள் அடையாள அட்டை எண்ணும் பிறந்த தேதியும் அந்நியருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். அவற்றை மறைச்சொல்லாக எங்கும் வைக்காதீர்கள். ஒருவர் உங்கள் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிசகாமல் சொன்னால், அது அவர் அதிகாரி என்பதற்கு ஆதாரமே அல்ல.

குரலும் இப்போது ஆதாரமல்ல. சமூக ஊடகத்தில் கிடைக்கும் சில வினாடிப் பேச்சை வைத்தே செயற்கை நுண்ணறிவு உங்கள் மகன் குரலில் “அம்மா, விபத்து, அவசரமா காசு வேணும்” என்று பேசிவிடும். மகனோடு ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளை பெயர், தெருப்பெயர், ராசி வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் மட்டுமே புழங்கும் ஒரு பட்டப்பெயர், அல்லது பாட்டி சமைத்த ஒரு பலகாரம் போதும். வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் சொல்லிக்கொள்ளுங்கள். அவசர அழைப்பு வந்தால் சொல்லைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் வைத்துவிட்டு, நீங்கள் சேமித்து வைத்திருக்கும் எண்ணில் மகனைக் கூப்பிடுங்கள்.

கைப்பேசிக்குள் என்ன ஏறுகிறது என்பதும் முக்கியம். ஃபேஸ்புக்கில் மலிவு விலைக் கடலுணவு, வீடு துப்புரவு என்று விளம்பரம் வரும். வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்குவார்கள், “முன்பதிவுக்கு இந்தச் செயலியை ஏற்றுங்கள்” என்று ஒரு கோப்பை அனுப்புவார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே இப்படி வரும் ‘ஏபிகே’ கோப்பை ஏற்றினால், அது ‘அணுகல்தன்மை’ அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் உங்கள் திரையில் தெரிவதும் நீங்கள் தட்டுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும். தவறுதலாக ஏற்றிவிட்டால் உடனே விமானப் பயண நிலையைப் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். கைப்பேசியை ஆலை நிலைக்கு மீட்டமைக்கும் (ஃபேக்டரி ரீசெட்) வரை அதில் எந்தக் கணக்கையும் திறக்காதீர்கள்.

வங்கியின் 24 மணி நேர எண்ணை இப்போதே ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் கூகளில் தேடி, போலி எண்ணுக்கே அழைத்து இரண்டாம் முறை ஏமாந்தவர்கள் உண்டு. வங்கிச் செயலியில் கணக்கை மொத்தமாக முடக்கும் அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மகனைக் காட்டச் சொல்லுங்கள்; எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடக்கிய கணக்கை மறுபடி திறக்க அலைச்சல் இருக்கும். இருந்தாலும் சந்தேகம் வந்த நிமிடமே முடக்குங்கள்.

மகனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: “உன் சிங்பாஸ் மறைச்சொல்லைக் குடும்மா, நானே எல்லாம் பார்த்துக்கிறேன்” என்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருடைய கைப்பேசி பாதிக்கப்பட்டால் உங்கள் கணக்கும் சேர்ந்து போகும். நீங்களும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். பிற்காலத்தில் நினைவாற்றல் குறைந்தால் யார் பார்ப்பது என்ற கவலைக்கு, உங்கள் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீண்டகால அதிகாரப் பத்திரம் இருக்கிறது. நீங்கள் தெளிவாக இருக்கும்போதே எழுதி, அங்கீகாரம் பெற்ற மருத்துவர் அல்லது வழக்கறிஞர் முன்னிலையில் சான்றளித்துப் பதிவு செய்ய வேண்டும். மனத்திறன் இழந்த பிறகே அது செயல்படத் தொடங்கும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகு, மகன் பக்கத்து ஆசைக்கும் நியாயம் செய்ய வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தில் நம் மொழிக்குக் கிடைத்த இடம் சும்மா வந்ததில்லை. 1995இலேயே சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்ற முறையை உருவாக்கித் தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றினார். 1997 மே மாதம் இங்கே நடந்த தமிழ்நெட் மாநாடு தமிழ் விசைப்பலகையை ஒழுங்குபடுத்த வழிகாட்டியது. அதன் பலன் இன்று உங்கள் கையில் இருக்கிறது. ஆண்டிராய்டு கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகையின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தட்டிப் பேசினால் நீங்கள் சொல்வது எழுத்தாக விழும். கூகளின் பேச்சு மொழிப் பட்டியலில் ‘தமிழ், சிங்கப்பூர்’ என்றே தனியாக உண்டு. நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். ஆங்கிலச் சொல் கலந்தால் தடுமாறும். ஐஃபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று போனால் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகள் இருக்கும். சிங்பாஸ் செயலியையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350, தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் மின்னூலாக இருக்கின்றன. பழைய தமிழ் முரசு இதழ்களும் வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் உண்டு. உங்கள் கல்யாண வருடத்து இதழைத் தேடிப் பாருங்கள். இதில் எதைத் தவறாகத் தட்டினாலும் ஒரு காசு போகாது. விரல் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆகவே முதல் மாதம் வங்கிச் செயலியைத் திறக்கவே வேண்டாம். தினமும் இருபது நிமிடம் தமிழ்த் தட்டச்சு, நூலகம், பேருந்து நேரம் என்று பழகுங்கள். தெரியாததைக் கேட்க, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் எஸ்ஜி டிஜிட்டல் நிலையத்துக்குப் போகலாம். அங்கே மின்னிலக்கத் தூதர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து சொல்லித்தருவார்கள், கட்டணமில்லை. கைப்பேசியை முழுதாக மின்னேற்றி, அடையாள அட்டையோடு, கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மறைச்சொல்லைத் தூதரிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள்.

இரண்டாம் மாதம் மேலே சொன்ன பூட்டுகளைப் போடப் போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வங்கிப் புத்தகம் மட்டுமே வைத்திருந்தாலும் அவருடைய மசேநிக் கணக்கு இணையத்தில்தான் இருக்கிறது, 2,000 வெள்ளி வரம்போடு. அவரிடம் சிங்பாஸ் இல்லையென்றால் மசேநி சேவை நிலையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு நேரில் போய் வழி கேட்கலாம். “தொடாதே” என்று சொன்னவர், தொடாமலேயே பூட்டுவதற்கு நிச்சயம் வருவார்.